லேகியத் தூக்கை எந்தப் பையில் வைப்பது? கைப்பை, செக்-இன், அங்கேயே வாங்குவது: ஓர் ஒப்பீடு

தங்கையின் பிரசவத்துக்காக அம்மாவும் நானும் சிங்கப்பூர் கிளம்பினோம். டிக்கெட் மலிவாகக் கிடைத்தது, செக்-இன் சாமான், அதாவது கவுண்டரில் கொடுத்துச் சரக்கறையில் அனுப்பும் பெட்டி கிடையாது, கையில் 7 கிலோ மட்டும். "எனக்கென்ன பெரிய சாமான், நாலு புடவை" என்று அம்மாவும் சொல்லிவிட்டாள். ஆனால் முதல் நாள் சாயங்காலம் இரும்புச் சட்டியை அடுப்பில் ஏற்றி, கருப்பட்டிப் பாகு காய்ச்சி, இடித்துச் சலித்த மருந்துப் பொடியைத் தூவி, நெய்யும் நல்லெண்ணெயும் விட்டுச் சுருளச் சுருளக் கிண்டி, முக்கால் கிலோ பிரசவ லேகியத்தை எவர்சில்வர் தூக்கில் நிரப்பியிருந்தாள். மூடியைத் துணியால் கட்டிப் பருத்திப் புடவைக்குள் சுற்றிக் கைப்பையின் அடியில் வைத்திருந்தது எனக்கே தெரியாது.

எக்ஸ்ரே எந்திரத்திலிருந்து எங்கள் பை மட்டும் பக்கத்து உருளைப் பாதைக்கு ஒதுங்கியது. அங்கே நின்ற பெண் அதிகாரி பையைத் திறந்து, புடவையைப் பிரித்து, தூக்கின் மூடியை எடுத்தார். சுக்கும் திப்பிலியுமாக வாசனை குப்பென்று வந்தது.

"இது என்னம்மா?"

"மருந்தும்மா. பிள்ளை பெத்தவளுக்கு."

"தெரியும்மா. எனக்கும் எங்கம்மா கிண்டிக் கொடுத்தாங்க. ஆனா இதைக் கையில விட முடியாது. செக்-இன்ல போட்டிருக்கணும்."

குடியேற்றச் சோதனையைத் தாண்டி வந்துவிட்டோம். திரும்பிப் போய்ச் சாமான் போட நேரமும் இல்லை, எங்கள் டிக்கெட்டில் அதற்கு இடமும் இல்லை. அம்மா ஒன்றும் வாதாடவில்லை. விரலால் ஒரு உருண்டை வழித்து என் கையில் வைத்தாள். "வீணாத்தானே போகப்போகுது, நீயாவது சாப்பிடு." மீதியைத் தொட்டியில் கொட்டினார்கள். தூக்கைக் கழிப்பறைக் குழாயில் கழுவி, காலியாகவே சிங்கப்பூர் கொண்டுபோனோம். தங்கை அதைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் அடுக்கில் வைத்தாள்.

அதற்கப்புறம் அம்மா நான்கு முறை போய் வந்துவிட்டாள். ஒவ்வொரு முறையும் மூட்டை கட்டுவது நான்தான். எதைக் கையில், எதை செக்-இன்னில், எதை வீட்டிலேயே விடுவது என்று ஒவ்வொரு பொருளாக யோசித்து ஒரு வழிக்கு வந்திருக்கிறேன். பிள்ளைகளைப் பார்க்க வெளிநாடு கிளம்பும் அம்மா அப்பாக்களுக்கு மூட்டை கட்டித் தருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

எல்லாரும் கேட்கும் கேள்வி, "இதை விடுவார்களா?" என்பதுதான். அது மட்டும் போதாது. நான் ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு கேள்வி கேட்கிறேன். செக்யூரிட்டியில் இதைப் பிடுங்கிக்கொண்டால் தாங்குமா? செக்-இன் பெட்டி இரண்டு நாள் வராமல் போனால் தாங்குமா? முதலாவது தாங்காது, இரண்டாவது தாங்கும் என்றால் செக்-இன். அம்மாவின் ரத்த அழுத்த மாத்திரை அதற்கு நேர் எதிர், ஆகவே கையில். இரண்டும் தாங்காத பொருள் ஒன்று இருந்தால்தான் சிக்கல். லேகியம் அப்படிப்பட்ட பொருள். அதற்கு மூன்றாவது வழி தேட வேண்டியிருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

கைப்பை மட்டுமா, செக்-இன்னும் சேர்த்தா?

மூட்டை கட்டுவது டிக்கெட் எடுக்கும்போதே தொடங்கிவிடுகிறது. கைப்பை மட்டும் உள்ள டிக்கெட்டில் லாபம் உண்டு. விலை குறைவு, இறங்கியதும் பெல்ட் முன்னால் நிற்க வேண்டாம், பெட்டி தொலையும் பயமில்லை. மூன்று நாள் வேலையாகப் போகிறவருக்கு இதைவிட நல்ல வழி இல்லை.

ஆனால் 7 கிலோ என்பது பையின் எடையையும் சேர்த்து. எங்கள் வீட்டு ட்ராலி காலியாகவே 2.8 கிலோ. அதில் மிஞ்சுவது 4 கிலோ சொச்சம். இரண்டு பருத்திப் புடவை, ஒரு சால்வை, ஒரு ஜோடி செருப்பு வைத்தாலே பாதி போய்விடும். முதுகுப்பை என்றால் ஒரு கிலோவுக்குள் அடங்கும். தூக்கிச் சுமக்க முடிகிறவர்களுக்கு நான் எப்போதும் முதுகுப்பையைத்தான் சொல்வேன். அறுபது தாண்டிய முழங்காலுக்கு அது சரிவராது. அம்மாவுக்குச் சக்கரம் வைத்த பைதான். அதனால் அவளுடைய 7 கிலோ என்பது உண்மையில் 4 கிலோதான் என்று முதலிலேயே ஒப்புக்கொண்டு கணக்குப் போடுகிறேன்.

அளவும் உண்டு. நீளம் 55, அகலம் 40, உயரம் 20 சென்டிமீட்டர், மொத்தம் 115 என்பதுதான் நம் ஊரில் பொதுவாகக் கேட்பது. எடை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் எகானமியில் 7 கிலோ, அதன் துணை நிறுவனமான ஸ்கூட்டில் 10 கிலோ. போகும்போது ஒரு கம்பெனி, வரும்போது இன்னொரு கம்பெனி என்று டிக்கெட் எடுத்திருந்தால் குறைந்த எடையைத்தான் கணக்கில் கொள்ள வேண்டும்.

பிரசவத்துக்கோ, பேரப்பிள்ளையைப் பார்க்கவோ போகும் பயணத்துக்கு என் தீர்ப்பு இது: செக்-இன் சாமானை டிக்கெட்டோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள். விமான நிலையக் கவுண்டரில் கூடுதல் எடைக்குக் கிலோ கணக்கில் கட்டும் பணத்தைவிட முன்கூட்டி வாங்குவது மலிவு. அதைவிட முக்கியம், எதையாவது தடுத்தால் போட்டுக்கொள்ள ஓர் இடம் இருக்கும். நாங்கள் மிச்சம் பிடித்த தொகை அந்த லேகியத்துக்கு வாங்கிய நெய்க்கும் மருந்துச் சாமானுக்கும் சரியாகப் போயிற்று. அம்மாவின் ஒரு நாள் உழைப்புக்கு நான் விலை போடவில்லை.

திரவம் என்றால் எது?

2006 ஆகஸ்டில் லண்டனிலிருந்து அட்லாண்டிக் கடக்கும் விமானங்களைக் குளிர்பான பாட்டில்களில் மறைத்த திரவ வெடிபொருளால் தகர்க்கும் சதியொன்றை பிரிட்டிஷ் போலீஸ் கண்டுபிடித்தது. அதிலிருந்து வந்ததுதான் இந்த 100 மில்லி விதி. ஒரு புட்டி 100 மில்லிக்கு மேல் இருக்கக் கூடாது. எல்லாப் புட்டிகளும் ஒரு லிட்டர் கொள்ளும், மூடித் திறக்கக்கூடிய, கண்ணாடி போல உள்ளே தெரியும் ஒரே பிளாஸ்டிக் பைக்குள் அடங்க வேண்டும். இதில் பலரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. பார்ப்பது புட்டியின் அளவை, உள்ளே இருப்பதை அல்ல. 200 மில்லி பாட்டிலின் அடியில் கால்வாசி தேங்காயெண்ணெய் இருந்தாலும் அது 200 மில்லி பாட்டில்தான்.

அடுத்தது, திரவம் என்ற சொல். ஊற்றினால் ஓடுவது மட்டும் திரவம் என்று நாம் நினைக்கிறோம். அவர்கள் கணக்கில் பசை, களிம்பு, கூழ், தெளிப்பான் எல்லாமே அந்த வகை. பற்பசை திரவம். நெய் உறைந்திருந்தாலும் திரவம். தேன், ஊறுகாய், தொக்கு, புளிக்காய்ச்சல், ஜாம், சட்னி, சாம்பார், தயிர் எல்லாம் அதில் சேரும். லேகியமும் அதில்தான்.

வழிச்சாப்பாட்டை இப்படிப் பிரித்துப் பாருங்கள். மிளகாய்ப்பொடியும் எண்ணெயும் தடவிய இட்லி போகும், தனியாக ஒரு டப்பா சட்னி போகாது. புளியோதரை, எலுமிச்சை சாதம், சப்பாத்தி, முறுக்கு, அதிரசம், மைசூர்பாகு எல்லாம் போகும். தயிர்சாதத்தில் தயிர் தளதளவென்று நின்றால் சந்தேகம்தான், கெட்டியாகப் பிசைந்தால் பெரும்பாலும் போய்விடும். நெய் சொட்டும் திருநெல்வேலி அல்வாவை ஒருவர் விடுவார், இன்னொருவர் விடமாட்டார். முடிவு அங்கே நிற்கும் அதிகாரியுடையது. அவர் மனசைப் பொறுத்த பொருளை நான் கையில் எடுத்துப் போவதே இல்லை. அல்வா செக்-இன்னுக்குப் போய்விடும்.

இந்த விதி தளர்ந்துவிட்டதாகச் செய்தி படித்திருப்பீர்கள். உண்மைதான். பையை எல்லாக் கோணத்திலும் படம் எடுக்கும் புது ஸ்கேனர்கள் வந்த பிறகு, பிரிட்டனில் எடின்பரோ போன்ற விமான நிலையங்கள் 2025-இல் 2 லிட்டர் வரை அனுமதித்தன. ஆனால் அதற்கு முந்தைய வருடம் ஐரோப்பிய ஒன்றியம், இப்படித் தளர்த்தியிருந்த சில விமான நிலையங்களைச் செப்டம்பர் 1-லிருந்து மறுபடி 100 மில்லிக்கே கொண்டுவந்தது. போகும் ஊரில் தளர்த்தியிருந்தாலும் கிளம்பும் ஊரில் தளர்த்தியிருக்க வேண்டுமே. நடுவில் விமானம் மாறும் இடத்தில் இன்னொரு சோதனை வேறு. பயணத்தில் எந்த விமான நிலையம் மிகக் கறாரோ, அதன் விதிதான் உங்கள் பைக்கு விதி.

டியூட்டி ஃப்ரீ கடையில் வாங்கும் வாசனைத் திரவியத்தையும் இதில் மறக்காதீர்கள். ரசீது உள்ளே தெரியும்படி முத்திரையிட்ட பையில் தருவார்கள். கடைசி ஊர் போய்ச் சேரும்வரை அதைப் பிரிக்கக் கூடாது. நடுவில் பிரித்தால் அடுத்த சோதனையில் அது வெறும் 100 மில்லிக்கு மேற்பட்ட பாட்டில்.

லேகியத்துக்கு மூன்று வழி

சரி, இப்போது லேகியத்துக்கு வருகிறேன்.

முதல் வழி, கையில் கொண்டுபோவது. மருந்துக்கும் குழந்தை உணவுக்கும் 100 மில்லி விதியில் விலக்கு உண்டு. ஆனால் அது டாக்டர் சீட்டோடு வரும் மருந்துக்கு, பயணத்துக்குத் தேவையான அளவுக்கு. வீட்டில் கிண்டிய கருப்பு நிறப் பண்டம், சீட்டு இல்லை, மேலே ஒட்டிய பெயர் இல்லை, போதாததற்கு உலோக டப்பா. இதை மருந்து என்று நிரூபிக்க வழியே இல்லை. 100 மில்லி டப்பாக்கள் ஏழெட்டில் அடைத்துப் போகலாமே என்று என் சித்தி கேட்டார். போகலாம்தான். ஆனால் அந்த ஒரு லிட்டர் பைக்குள் பற்பசைக்கும் முகக் களிம்புக்கும் இடமிருக்காது. ஏழு டப்பாவையும் திறந்து காட்டச் சொன்னால் பின்னால் வரிசை நிற்கும்.

இரண்டாவது வழி, செக்-இன். தாராளமாகப் போடலாம். தூக்கு வேண்டாம், அழுத்தம் மாறும்போதும் பெட்டியை எறியும்போதும் மூடி கழன்றுவிடும். திருகு மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா, வாயில் ஒரு பிளாஸ்டிக் தாள் வைத்துத் திருகி, மூடியைச் சுற்றி டேப், அப்புறம் இரண்டு ஜிப் கவர், அப்புறம் பழைய துண்டு. பக்கத்தில் புடவை இருக்கக் கூடாது. இப்படிக் கட்டிய மாங்காய்த் தொக்கு இதுவரை ஒரு சொட்டு கசிந்ததில்லை. ஆனால் பெட்டி வராவிட்டால் லேகியமும் வராது. பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்க வேண்டிய நாட்கள் பெட்டிக்காகக் காத்திருக்காது.

மூன்றாவது வழியை யோசித்தவர் தங்கையின் மாமியார். எங்களுக்கு இரண்டு வாரம் கழித்துக் கிளம்பியவர், நடந்ததைக் கேட்டுவிட்டு, "பொடியா எடுத்துட்டு வரேன் சம்பந்தி, அங்க கிண்டிக்கலாம்" என்றார். சுக்கு, மிளகு, திப்பிலி, கண்டந்திப்பிலி, சித்தரத்தை, ஓமம் எல்லாம் எங்கள் ஊர் நாட்டு மருந்துக் கடையில் எடை போட்டு வாங்கி, வறுத்து இடித்து, கால் கிலோ பொடி மட்டும் கொண்டுவந்தார். நெய்யும் நல்லெண்ணெயும் கருப்பட்டியும் சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் தேக்கா பக்கம் நடந்தால் கிடைக்கும். செங்காங் பகுதியில் தங்கையின் எட்டாவது மாடி வீட்டில், அம்மாவும் சம்பந்தியம்மாவும் மாற்றி மாற்றிக் கரண்டி பிடித்துக் கிண்டினார்கள். இந்த முறை தூக்கு நிரம்பியது.

எனக்கு இதில் சந்தேகமே இல்லை, மூன்றாவது வழிதான். எண்ணெயும் சர்க்கரையும் எடை, அவை எங்கும் கிடைப்பவை. அங்கே கிடைக்காதது அந்த மருந்துக் கலவையும் அதன் கைப்பக்குவமும்தான். கைப்பக்குவத்துக்கு எடையில்லை, அம்மாவோடு வந்துவிடும். சாம்பார்ப் பொடி, பருப்புப் பொடி, வடகம், வத்தல், உலர்த்திய கறிவேப்பிலைப் பொடி என்று காய்ந்த சரக்காக எடுத்துப்போனால் மூட்டை பாதியாகிவிடும். நல்லெண்ணெய் டின்னைத் தூக்கிக்கொண்டு சிங்கப்பூருக்கோ துபாய்க்கோ போவதில் அர்த்தமே இல்லை. தமிழ்க் கடை இல்லாத ஐரோப்பியச் சிற்றூருக்குப் போகிறவர்கள் மட்டும் ஒரு பாட்டில் செக்-இன்னில் வைத்துக்கொள்ளலாம்.

பொடிக்கும் தொல்லை இல்லாமல் இல்லை. அமெரிக்கா போகும் விமானங்களில் 350 மில்லிக்கு மேற்பட்ட பொடி கைப்பையில் இருந்தால் தனிச் சோதனை உண்டு, தீர்க்க முடியாவிட்டால் எடுத்துவிடுவார்கள். 2018-லிருந்து இந்த விதி. ஆஸ்திரேலியாவிலும் உப்பு, டால்கம் பவுடர் போன்றவற்றுக்கு அதே 350 அளவு. அதனால் பெரிய பொட்டலம் செக்-இன்னில், நூறு இருநூறு கிராம் மட்டும் கையில். மிளகாய்த்தூளைக் கைப்பையில் வைக்கவே வைக்காதீர்கள். கண்ணில் தூவக்கூடியது என்று எடுத்துவிடுவார்கள்.

இன்னொன்று. எந்தப் பையில் வைத்தாலும் கூடாது என்று சில உண்டு. அவை செக்யூரிட்டியில் தப்பினாலும் இறங்கும் ஊர்ச் சுங்கத்தில் மாட்டும். கசகசா அதில் முதலாவது. நமக்குக் குருமாவுக்கும் பாயசத்துக்கும் போடும் சாமான், சிங்கப்பூரிலும் ஐக்கிய அரபு அமீரகத்திலும் போதைப்பொருள் சட்டத்துக்குள் வரும் பொருள். சில வீடுகளில் லேகியப் பொடியிலேயே கசகசா சேர்ப்பார்கள். அந்த நாடுகளுக்குப் போகும் பொடியில் அதை விட்டுவிடுங்கள், கடையில் அரைத்து வாங்கினால் கேட்டு உறுதி செய்யுங்கள். மெல்லும் புகையிலை சிங்கப்பூருக்குக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பாலோ இறைச்சியோ சேர்ந்த பண்டங்களைப் பயணிகள் கொண்டுபோகத் தடை உண்டு, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா ஜெர்மனிக்குப் போக முடியாது. பச்சைக் கறிவேப்பிலை லண்டனுக்குப் போகாது.

தீப்பிடிப்பவை: இங்கே கணக்கு தலைகீழ்

இதுவரை, சந்தேகமென்றால் செக்-இன் என்று சொன்னேன். பேட்டரி விஷயத்தில் அப்படியே திருப்பிப் போடுங்கள். பவர் பேங்க் செக்-இன் பெட்டியில் இருக்கவே கூடாது, கையில்தான். காரணம் எளிது. லித்தியம் பேட்டரி சூடேறித் தீப்பிடித்தால் பயணிகள் இருக்கும் இடத்தில் யாராவது பார்த்துவிடுவார்கள், பணிப்பெண்கள் அணைத்துவிடுவார்கள். கீழே சரக்கறையில் பிடித்தால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

2025 ஜனவரி 28 அன்று தென்கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில் ஏர் பூசான் விமானம் ஒன்று கிளம்பும் முன்பே தீப்பிடித்து எரிந்தது. எல்லாரும் உயிர் தப்பினார்கள். தலைக்கு மேல் உள்ள பெட்டியில் வைத்த பவர் பேங்க் காரணமாக இருக்கலாம் என்று விசாரணை சொன்னது. அதற்கப்புறம் பல கம்பெனிகள் இறுக்கிவிட்டன. சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் ஸ்கூட்டும் அந்த ஏப்ரல் 1 முதல் விமானத்துக்குள் பவர் பேங்க் பயன்படுத்துவதை நிறுத்தின. எமிரேட்ஸ் அக்டோபரில் நிறுத்தியது. கொண்டுபோகலாம், பயன்படுத்தக் கூடாது. ஆகவே தலைக்கு மேலே திணிக்காமல் காலடிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு பெரியது போகும்? பேட்டரியின் கொள்ளளவை வாட் அவர் என்ற அலகில் சொல்வார்கள். 100 வாட் அவர் வரை தடையில்லை. 100-லிருந்து 160 வரை கம்பெனியின் அனுமதி வேண்டும். 160-க்கு மேல் கிடையாது. பவர் பேங்கில் மில்லி ஆம்பியர் அவர் (mAh) மட்டும் எழுதியிருந்தால் 3.7-ஆல் பெருக்கி 1000-ஆல் வகுங்கள். 20,000 என்றால் 74 வாட் அவர், போகும். 30,000 என்றால் 111, கேள்வி கேட்பார்கள். எழுத்து அழிந்துபோன பழைய பவர் பேங்கை வீட்டிலேயே வையுங்கள். அதன் அளவை அவர்களுக்கு நிரூபிக்க உங்களிடம் ஒன்றுமில்லை.

பூஜைச் சாமானும் இங்கேதான் வரும். கற்பூரம் எளிதில் தீப்பற்றும் திடப்பொருள், கையிலும் கூடாது, செக்-இன்னிலும் கூடாது. தீப்பெட்டியும் லைட்டரும் நம் விமான நிலையங்களில் அப்படியே. கொப்பரைத் தேங்காயும் இரண்டு பையிலும் கூடாது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். அதிலுள்ள எண்ணெய் குவியலில் தானாகச் சூடேறும் தன்மை கொண்டது, சரக்கு விதிகளில் அது தீப்பற்றும் பொருளாகவே பதிவாகியிருக்கிறது. முழுத் தேங்காயையும் நம் ஊரில் கைப்பையில் விடுவதில்லை. 2024 அக்டோபரில் சபரிமலை பக்தர்களுக்காக விலக்கு ஒன்று வந்தது. இருமுடியில் உள்ள நெய்த் தேங்காயை, எக்ஸ்ரே, வெடிபொருள் சோதனை, கைச் சோதனை மூன்றும் முடித்து விமானத்துக்குள் எடுத்துப் போகலாம் என்று 2025 ஜனவரி 20 வரை அனுமதித்தார்கள். விலக்கு இல்லாதபோது இருமுடியை செக்-இன்னில் போட மனமில்லாமல் ரயிலில் போன சாமிமார்கள் எத்தனையோ பேர். இப்படி விலக்கு வருவது குறிப்பிட்ட பருவத்துக்குத்தான், கிளம்பும் வருடத்தில் உண்டா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

அரிவாள்மனை, கத்தி, கத்தரிக்கோல், கனமான குத்துவிளக்கு இவை செக்-இன். இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

மாத்திரையும் நகையும்

இவை இரண்டும் எப்போதும் கையில். இதில் ஒப்பிட ஒன்றுமில்லை என்றாலும் எப்படி வைப்பது என்பதில் இரண்டு வழி இருக்கிறது. நாள்வாரியாகப் பிரித்த டப்பாவில் மாத்திரை போட்டுக்கொள்வது வீட்டுக்கு வசதி, பயணத்துக்கு வசதியில்லை. பெயர் இல்லாத வெள்ளை மாத்திரையைப் பார்த்து யாரும் எதையும் நம்ப மாட்டார்கள். அட்டையோடு, டாக்டர் சீட்டின் நகலோடு, பயண நாட்களுக்குத் தேவையானதற்குமேல் ஒரு வாரத்துக்கும் சேர்த்து வையுங்கள். துபாய், அபுதாபி போகிறவர்கள் டிரமடால், கோடீன் சேர்ந்த வலி மாத்திரையும் இருமல் மருந்தும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அங்கே அவற்றுக்கு முன் அனுமதி தேவை. இன்சுலின் செக்-இன்னில் போகவே கூடாது, சரக்கறைக் குளிரில் உறைந்தால் கெட்டுவிடும். ஊசியோடு டாக்டர் கடிதம் இருந்தால் கையில் விடுவார்கள். பாதரச வெப்பமானிக்குப் பதில் டிஜிட்டல்.

நகையைப் பற்றி ஒன்றே ஒன்று: போட்டுக்கொண்டு போவதைக் குறையுங்கள். வளையலும் ஊக்கும் கொலுசும் உலோகக் கருவியைக் கத்த வைக்கும், திரைக்குப் பின்னால் பெண் அதிகாரி சோதிக்கும்போது நேரமாகும். தாலியைக் கழற்ற யாரும் சொல்ல மாட்டார்கள், அதற்காக அம்மாக்கள் பயப்பட வேண்டாம். மற்றதைச் சின்னச் சுருக்குப் பையில் போட்டுக் கைப்பையின் நடுவே வைத்தால் போதும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. விமானம் நிரம்பிவிட்டால் வாசலிலேயே கைப்பையை வாங்கிக் கீழே சரக்கறையில் போட்டுவிடுவார்கள். அப்போது பவர் பேங்க், மாத்திரை, நகை, பாஸ்போர்ட் நான்கையும் நொடியில் வெளியே எடுக்க முடிய வேண்டும். நான் இவற்றை ஒரு துணிப்பையில் தனியாகப் போட்டு, கைப்பையின் மேலாக வைக்கிறேன். அந்தத் துணிப்பையே ட்ரேயில் வைக்கும்போதும் உதவுகிறது. நம் ஊரில் லேப்டாப், போன், சார்ஜர், பவர் பேங்க் எல்லாவற்றையும் தனியே எடுத்து ட்ரேயில் வைக்கச் சொல்வார்கள். அம்மாவுக்கு இப்போது பழகிவிட்டது. வரிசையில் நிற்கும்போதே துணிப்பையைக் கையில் எடுத்துக்கொள்கிறாள்.

திரும்பி வரும்போது வேறொரு கணக்கு. சாங்கியில் முதல் மூன்று முனையங்களிலும் பாதுகாப்புச் சோதனை விமானம் ஏறும் வாசலுக்குப் பக்கத்தில்தான் இருக்கும். குடியேற்றம் தாண்டியதும் எல்லாம் முடிந்தது என்று நினைத்துத் தண்ணீர் பாட்டிலை நிரப்பினால் வாசலில் கொட்ட வேண்டியதுதான். காலி பாட்டிலோடு போய், சோதனை முடிந்து உள்ளே போன பிறகு குழாய் இருக்கிறதா என்று பாருங்கள். கோடாலித் தைலமும் டைகர் பாமும் சின்னப் புட்டிகள், ஒவ்வொன்றும் 100 மில்லிக்குள் அடங்கும். ஊரில் எல்லாருக்கும் என்று ஒரு டஜன் வாங்கியிருந்தால் கண்ணாடிப் பையின் ஜிப் மூடாது. அம்மா போன மாதம் வந்தபோது பன்னிரண்டு புட்டியையும் அந்த எவர்சில்வர் தூக்குக்குள் நிற்க வைத்து, இடுக்கில் பேத்தியின் பழைய சட்டைகளைத் திணித்து, துணியால் வாயைக் கட்டி செக்-இன் பெட்டியில் வைத்திருந்தாள். ஒன்றும் உடையவில்லை.